எண்ணும் நிறுவலும்

(கந்தப்பளையிலிருந்து பழைய மாணவர் ஒருவர்)

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாக மதித்த வள்ளுவர் எண்ணையே முதலில் வைத்தார். நம் பாடசாலைகளிலோ எண்ணாகிய அக்கண் பரீட்சை மண்டபத்தில் திறந்து, மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே மூடிக்கொள்கின்றது. விடை சரியாயின் புள்ளி உண்டு. "அது சரியென்று நீ எவ்வாறு அறிந்தாய்?" என்ற வினா அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவே கணிதக் கல்வியின் உயிர் என்பதும், அவ்வுயிர் மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஏனையோரினும் மிகுதியாக வேண்டப்படுகின்றது என்பதும் என் கருத்து. விழா மலரிலே வாழ்த்துரை கூறுதற்குத் தகுதியுடையார் பலர் உளர். ஆதலால் அப்பணியை அவர்கள்பால் விடுத்து, ஒரு பேரெண்ணைத் துணைக்கழைத்து என் கருத்தைக் கூற முற்படுகின்றேன்.

அவ்வெண் 2,147,483,647. நம் முறைப்படி சொன்னால் 214 கோடி 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. இரண்டின் 31ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது இது. இது முதன்மை எண்.

கணிதத்தை மறந்துவிட்ட அன்பர்களுக்காக ஒரு சொல். 1இலும் பெரியதாய், 1ஆலும் தன்னாலுமன்றி வேறெந்த முழுவெண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை நாம் முதன்மை எண் என்கின்றோம். தமிழகத்தார் பகா எண் என்பர். நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வழியிலே, ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள இக் கந்தப்பளையில், தேயிலைக்கு அடுத்தபடியாகக் கண்ணிற்படுவன மரக்கறித் தோட்டங்களே. 24 கோவா நாற்றுகளை நான்கு வரிசையில் ஆறாறாக நடலாம், மூன்று வரிசையில் எட்டெட்டாகவும் நடலாம். 23 நாற்றுகளை ஒரே நீண்ட வரிசையில் நடலாமேயன்றிச் சமவரிசைகளாகப் பிரித்து நடுதல் இயலாது. ஆதலின் 23 முதன்மை எண். மேற்கூறிய 214 கோடிக்கு மேற்பட்ட நாற்றுகளையும் அவ்வாறே ஒரே வரிசையில்தான் நடவேண்டும். ஆயின் 23ஐ விரல்விட்டுச் சோதிக்கலாம். இப்பேரெண்ணை முதன்மை எண் என்று துணிந்தது எங்ஙனம்?

1644ஆம் ஆண்டிலே மேர்சென் என்னும் பிரான்சு நாட்டுத் துறவி ஒரு பட்டியலை வெளியிட்டார். இரண்டின் வலுக்களிலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் எண்களுள், 257ஆம் வலு வரையில், முதன்மை எண்களைத் தருவன இன்னின்ன வலுக்கள் என்பது அப்பட்டியல். அதிலே 31 இருந்தது, 67உம் இருந்தது. இரண்டையும் ஒரே உறுதியோடு அவர் சொன்னார். கற்றோர் மத்தியில் அவர்க்கிருந்த மதிப்புப் பெரிது. அவர் சொல்லை மறுக்கவும் அக்காலத்தில் எளிய வழி இருக்கவில்லை.

இவ்வகை எண்களில் உள்ள பொறியை ஒன்பதாம் வகுப்பு மாணவரும் உணரக்கூடும். இரண்டின் 2ஆம், 3ஆம், 5ஆம், 7ஆம் வலுக்களிலிருந்து ஒன்றைக் கழித்தால் முறையே 3, 7, 31, 127 வரும். நான்கும் முதன்மை எண்கள். கரும்பலகையில் இவற்றை எழுதி, அடுத்த முதன்மை எண்ணாகிய 11ஐ வலுவாகக் கொண்டால் வருவது யாது என்று கேட்டால், "அதுவும் முதன்மை எண்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலிற் கூறும். வருவது 2,047. அஃது 23ஐ 89ஆற் பெருக்க வருவது. எனவே முதன்மை எண் அன்று. நான்கு முறை மெய்யானது ஐந்தாம் முறை பொய்த்தது. நூறு முறை மெய்யானது நூற்றோராம் முறை பொய்க்காது என்பதற்கும் நிறுவல் இன்றி உறுதியில்லை. இதனைப் பதினான்கு வயதிலே தன் கையால் வகுத்துக் கண்ட பிள்ளை எளிதில் மறவான்.

31ஆம் வலுவுக்குரிய எண்ணை நிறுவியவர் ஒயிலர் என்னும் பேரறிஞர். 1772இல், இரசியாவின் பீட்டர்ஸ்பேர்க் நகரிலே, கண்பார்வையை ஏறத்தாழ முற்றாக இழந்திருந்த நிலையில் அவர் அதனைச் செய்தார். அவர் வழி இது. ஓர் எண் இரு காரணிகளின் பெருக்கமாயின், அவற்றுள் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தை விஞ்சாது. நம் பேரெண்ணின் வர்க்கமூலம் 46,341க்குச் சற்றே குறைந்தது. ஆகவே அதற்குட்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தாற் போதும். அவையே ஏறத்தாழ 4,800. ஒயிலர் அவ்வளவும் செய்தாரல்லர். இவ்வெண்ணுக்குக் காரணி ஏதும் உண்டாயின், அதனை 62ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்றும், 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும் என்றும் அவர் முதலிலே காட்டினார். இரண்டையும் இணைத்தால், 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வருவனவற்றை மட்டுமே சோதித்தல் வேண்டும். 46,341க்குட்பட்டு அத்தகைய எண்கள் நானூறும் இல்லை; அவற்றுள்ளும் முதன்மை எண்களாவன சிலவே. அவை யாவும் மீதி தந்தன. எண் முதன்மை எண் என்பது முடிந்தது. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த முதன்மை எண்களுள் இதுவே பெரிது. நெடுங்காலம் அவ்விடத்திலேயே நின்றது.

மேலே கண்ட 2,047இலும் இதே ஒழுங்கு உண்டு. அதன் காரணிகளாகிய 23, 89 என்பவற்றிலிருந்து ஒவ்வொன்றைக் கழித்தால் வருவன 22, 88. இரண்டும் 11இன் இருமடங்கால் வகுபடுவன. பாராது வகுத்தவன் ஆயிரக்கணக்கில் உழைக்கும் இடத்திலே, நின்று சிந்தித்தவன் நூற்றுக்கணக்கில் உழைப்பை முடித்தான். சிந்தனை உழைப்பைக் குறைக்கும் என்று மாணவர்க்கு உரைப்பதிலும், இவ்வோர் உதாரணத்தைச் செய்யவைத்தல் மேல்.

67ஆம் வலுவின் கதை வேறு. 1876இல் லூக்காஸ் என்னும் பிரான்சுக் கணிதர், அது தரும் எண் முதன்மை எண் அன்று என நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணி ஒன்றையேனும் அவர் காட்டவில்லை. காரணி இன்னதென்று அறியாமலே, காரணி உண்டு என்பதை ஐயமற அறிதல் கூடும் என்பது அதனால் விளங்கிற்று. காரணிகளை 1903இல் அமெரிக்கக் கணிதர் கோல் கண்டு காட்டினார். 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கினால் அந்த 21 இலக்க எண் வரும். மேர்சென் கூறி 259 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரே மனிதர் ஒரே பட்டியலிற் கூறிய இரு கூற்றுகளுள் ஒன்று மெய், மற்றையது பொய். கூறியவர் பெருமை இரண்டுக்கும் பொதுவாதலின், அது மெய்யைப் பொய்யினின்று பிரிக்க உதவவில்லை. பிரித்தது நிறுவல் ஒன்றே.

நிற்க. இவையெல்லாம் மேனாட்டார் கதைகள், நமக்கும் இவற்றுக்கும் என்ன உறவு என்பார்க்குக் கும்பகோணத்து இராமானுஜனை நினைவூட்டுகின்றேன். சென்னைத் துறைமுகக் கணக்குப் பகுதியில் எழுதுவினைஞராய் இருந்த அவர், 1913 சனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கொடுத்த ஓர் எண்ணுக்குட்பட்ட முதன்மை எண்கள் எத்தனை என்பதை மிக நுட்பமாகத் தரும் சூத்திரம் ஒன்றைக் கண்டிருப்பதாக அக்கடிதத்திற் குறித்தார். ஹார்டி அவரது மேதையை உடனே உணர்ந்தார். உணர்ந்தும், மறுமொழியில் வேண்டியது நிறுவல்களையே. பின்னர் ஆராய்ந்தபோது, முதன்மை எண்களின் தொகை பற்றிய இராமானுஜனின் கூற்றுகள் சில பிழையெனத் தெரிந்தன. கண்ணுக்கெட்டிய எண்களில் அச்சூத்திரம் வியக்கத்தக்கவாறு பொருந்திற்று. எண்கள் எல்லையின்றிப் பெருகுமிடத்து அவர் கருதியவாறு நில்லாது என்பது நிறுவலினாலேயே வெளிப்பட்டது.

இதனாற் சிறுமையுற்றவர் அல்லர் இராமானுஜன். 1919இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலே மிகச் சுருங்கிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஓர் எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே முதன்மை எண் ஒன்று தவறாது உண்டு என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே செபிஷேவ் என்னும் இரசியர் நிறுவிய உண்மை. அதற்கு இராமானுஜன் எளிய புதுநிறுவல் தந்ததோடு அப்பாலும் சென்றார். 11 முதற்கொண்டு எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அவ்வெண் வரை இரண்டு முதன்மை எண்களாவது உண்டு. 17 முதல் மூன்று. 29 முதல் நான்கு. 41 முதல் ஐந்து. 2, 11, 17, 29, 41 எனச் செல்லும் இவ்வரிசைக்கு இன்று இராமானுஜன் முதன்மை எண்கள் என்றே பெயர். நிறுவல் கேட்கப்பட்ட எழுதுவினைஞர் ஆறாண்டுகளின் பின் நிறுவல் தந்தவராய் நின்றார். கேட்டவரும் பகைவர் அல்லர். அவரை உலகுக்குக் காட்டியவர்.

இன்னொருவர் சு. சி. பிள்ளை எனும் சிவசங்கரநாராயண பிள்ளை. 1901இல் தென்காசிப் பக்கத்து வல்லத்திலே பிறந்தவர். தாயைக் குழந்தைப் பருவத்திலும், தந்தையைப் பள்ளிப் படிப்பின் இறுதியாண்டிலும் இழந்தார். படிப்பு அங்கே நின்றிருக்கும். அவர் ஆசிரியர் ஒருவர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை ஈந்து அவரைத் தொடர்ந்து கற்கச் செய்தார். அப்பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து செய்த எண்கொள்கை ஆராய்ச்சி உலகம் மதிப்பதாயிற்று. 1950 ஆகஸ்டில், அமெரிக்காவில் நடைபெறவிருந்த அனைத்துலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியிலே, கெய்ரோவுக்கு அண்மையில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயராலும் ஒரு முதன்மை எண் வகை உண்டு. அவற்றுள் மிகச் சிறியது நாம் நாற்று நட்டுப் பார்த்த அதே 23. 1 முதல் 14 வரையுள்ள எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 23ஆல் மீதியின்றி வகுபடும். அவ்வாறாகியும் 23இலிருந்து ஒன்றைக் கழிக்க வரும் 22 அந்த 14ஆல் வகுபடாது. இத்தகைய இயல்புடைய முதன்மை எண்களைப் பிள்ளை முதன்மை எண்கள் என்பர். தம் ஊதியத்திற் பங்களித்த அவ்வாசிரியர் இவை யாதென அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுவிடலாகாது என்பதை அறிந்திருந்தார்.

இனி, பயன் யாது என்னும் வினாவுக்கு வருவோம். 1940இல் வெளிவந்த தம் நூலிலே ஹார்டி, எண்கொள்கையைப் போருக்குப் பயன்படுத்தும் வழியை எவரும் கண்டிலர், நெடுங்காலம் காணப்போவதும் இல்லை என்னும் கருத்துப்பட எழுதினார். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடல்மன் ஆகிய மூவர், இரு பெரும் முதன்மை எண்களைப் பெருக்குதல் எளிது, பெருக்கத்தை மீண்டும் காரணிகளாகப் பிரித்தல் மிக அரிது என்னும் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டு இரகசியச் செய்திகளைக் காக்கும் முறை வகுத்தனர். வங்கிக் கணக்குகளும் கடிதப் போக்குவரத்தும் இன்று இத்தகைய முறைகளின் காவலில் உள்ளன. 2002இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர், எந்த எண்ணாயினும் அது முதன்மை எண்ணா அன்றா என்பதை ஐயத்துக்கிடமின்றித் தீர்மானிக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். எண்ணின் இலக்கங்கள் பெருகும்போது உழைப்பு மட்டுமீறிப் பெருகாமை அதன் சிறப்பு. பின்னிருவரும் அப்பொழுதுதான் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்தவர்கள். இதனை நம் மாணவர்கள் ஊன்றிக் கவனிப்பார்களாக.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண், இரண்டின் 136,279,841ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது. அதன் இலக்கங்கள் 41,024,320. ஒரு பக்கத்துக்கு 3,000 இலக்கங்கள் என அச்சிட்டால் 13,675 பக்கங்கள் வேண்டும். அதற்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் எல்லையற்று உள்ளன என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இயூக்கிளிட்டு நிறுவிவிட்டார். ஒயிலரின் எண்ணும் ஓய்வு பெற்றுவிடவில்லை. கணினிகள் பல முழுவெண்களை வைக்கும் 32 கூறுகள் கொண்ட இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் அதுவே. 1970 தொடக்கத்திலிருந்து கழிந்த வினாடிகளை அவ்விடத்தில் எண்ணிவரும் பழைய கணினிகளில், 2038 சனவரி 19ஆம் நாள், இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடியில் அவ்விடம் நிரம்பிவிடும். திருத்தப்படாதவை அதன்பின் காலத்தைப் பிழைபட உரைக்கும். இன்று நம் கல்லூரியில் இருக்கும் மாணவர் அந்நாளைக் காண்பர். அவர்களுட் சிலர் அப்பிழையைத் திருத்துவோராயும் இருப்பர்.

எனினும் பயனைக் காட்டி இக்கல்விக்கு இடம் கேட்க நான் விரும்பவில்லை. பயன் வரும், வராமலும் போகலாம். நான் கேட்பது வேறொரு காரணம் பற்றி.

மலையகத்திலே எண் என்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் கையில் இருந்துவந்த பொருள். தோட்டத்திலே வேலையை மேற்பார்ப்பவருக்கு வழங்கிய பெயரே கணக்கப்பிள்ளை. கணக்கு அவரிடம், கூடை தொழிலாளியிடம். மடுவத்திலே கொழுந்து நிறுக்கப்படும். ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும். மிகுந்தது செக்ரோலில் ஏறும். கழித்தது முறையாகவும் இருக்கலாம், முறையற்றும் இருக்கலாம். அதனை அறிய வேண்டுமாயின், "இந்த எண் எவ்வாறு வந்தது?" என்று கேட்கப் பழகியிருத்தல் வேண்டும். கேட்டலும் துணிச்சலால் மட்டும் வருவதன்று. படிப்படியாகக் காரணம் கண்டு பழகியவனுக்கே அது இயல்பாகும். நிறுவையும் நிறுவலும் ஒலியால் அண்மையன. நிறுவையை மட்டும் கண்டு வளர்ந்த சமூகத்துக்கு நிறுவலையும் கொடுக்கவேண்டுவது கல்வியின் கடன்.

அக்கடன் இன்னும் தீரவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1977க்குப் பின்னரே படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அதன் முன்னர் பெரும்பாலானவை ஓராசிரியர் கூடங்கள்; ஐந்தாம் வகுப்போடு முடிவன. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கின்றது. பட்டதாரிகளும் ஆசிரியர்களும் இம்மலைகளிலிருந்தே எழுந்துள்ளனர். ஆயினும் உயர்தர வகுப்பிலே கணிதப் பிரிவை நடத்தவல்ல தமிழ்ப் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் இன்னும் சிலவே. கணிதத்தில் விருப்பமும் திறமையும் உள்ள பிள்ளை, ஆசிரியர் இன்மையால் வேறு பாடத்துக்குத் திரும்புகின்றது. அல்லது கொழும்புக்குக் கடைவேலைக்குப் பேருந்து ஏறுகின்றது. இது பிள்ளையின் குறையன்று.

"பசித்தவனுக்கு முதன்மை எண் எதற்கு?" என்பாருமுளர். பசி தீரவேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயினும் கணக்கறியாதவன் பசி கணக்கறிந்தவன் தயவாலேயே தீரவேண்டியதாகின்றது. "பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது" என்பர் ஆசிரியர் சிலர். நூறுக்குட்பட்ட முதன்மை எண்களைச் சலித்தெடுக்கவும், 2,047ஐப் பிரித்துக் காட்டவும் ஒரு பாடவேளை போதும். ஆய்வுகூடம் வேண்டா, கருவி வேண்டா. எழுதத் தாளும் கரும்பலகையும் உள்ள எந்தக் கூடத்திலும் இது நடைபெறும். ஏழைப் பாடசாலைக்கு இதனிற் பொருத்தமான உயர்கல்வி வேறு யாதுளது?

ஆகவே இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது நம் கல்லூரிக்கு. ஒவ்வொரு தவணைக் கணிதப் பரீட்சையிலும் ஒரு வினாவாவது, விடைக்கன்றிக் காரணத்துக்கே புள்ளி தருவதாய் அமைதல் வேண்டும். விடையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, அது ஏன் சரி என்று மட்டும் கேட்கலாம். தொடக்கத்தில் புள்ளிகள் குறையும், பெற்றோர் முறையிடுவர். ஓராண்டு பொறுத்திருப்பின் மாணவர் பேச்சிலேயே வேறுபாடு தெரியும்.

இரண்டாவது பழைய மாணவர்க்கும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞர்க்கும். விழாக்கள் வரும்போது நாம் கட்டடத்துக்கு நிதி சேர்க்கின்றோம், அது நன்று. அந்நிதியில் ஒரு சிறு பங்கையும், காத்திருக்கும் மாதங்களில் ஓரிரு கிழமைகளையும் மலையகப் பாடசாலைகளின் கணிதத்துக்கு ஒதுக்குவோமாக. நால்வர் ஐவராக வந்து, ஒரு பாடசாலையில் தங்கி, சாதாரணதர மாணவர்க்கு இருபது மணி நேரம் கணிதம் கற்பித்துச் செல்லட்டும். தமிழிலே எழுதப்பட்ட நல்ல கணித நூல்கள் சிலவற்றை விட்டுச் செல்லட்டும். வருவோர் கற்பிப்பதோடு கற்றுக்கொண்டும் செல்வர் என்பதற்கு இங்குள்ள ஆசிரியர்கள் பொறுப்பு.

வல்லத்துப் பிள்ளைக்கு ஊதியத்திற் பங்கு கொடுத்த ஆசிரியர், தம் செயல் எங்கே சென்று முடியும் என்று கணக்கிட்டுக் கொடுத்திருக்க மாட்டார். நம் கல்லூரியையும் ஒரு காலத்தில் அத்தகையோரே தாங்கினர். அவர்கள் வழியிலே நாமும் ஒரு பங்கு கொடுப்போமாயின், இவ்விழா கந்தப்பளையிலும் கொண்டாடப்பட்டதாகும். கல்லூரி அன்னை வாழ்க. அவள் பிள்ளைகள் காரணம் கேட்கும் நெஞ்சினராய் வளர்க.